வாய்தாவுக்குப் போகும் பஸ்ஸில்

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் இறங்கும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர் பேசினார்கள். ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் வழக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இப்போது நாவல் எழுதியிருக்கிறார். மற்றவர் மலைக்காரர். அவர் கையில் அந்த நாவல் இருந்தது.

“சந்தனக்கட்டைய போலீசே என் வூட்ல கொண்ணாந்து வெச்சதுன்னு இதுல எழுதிக்கிறீங்க சார்.”

“அது கற்பனைப்பா. முதல் பக்கத்துலயே போட்டுக்கிறேனே.”

“அப்போ கேஸ்ல எழுதுனது?”

“அது ரெக்கார்டு.”

“இன்னிக்கும் அந்தக் கேசுக்கு வாய்தாதான் சார். கோர்ட்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

“கதையப் போயி கோர்ட்ல சொல்வாங்களா?”

மலைக்காரர் நாவலின் வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை நீட்டினார்.

“அன்னிக்கு வெறும் பேப்பர்ல என் கையெழுத்த வாங்குனீங்க. இன்னிக்கு இதுல நீங்க போடுங்க.”

எழுத்தாளர் திருப்பத்தூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தார். அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டார்.