இரண்டு கல்முதுகன்களும் ஒரு டப்பாவும்

பெயரும் முழு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. பல் மருத்துவமனைக்குப் பின்புறக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உள்ள பல் செட் செய்யும் கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தெரிந்தவர்கள் பல்லக்கா என்று கூப்பிடுவார்கள். பொம்மைத் திருட்டு தொடர்பாக என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகத்தான் வந்தேன். யாருடைய மிரட்டலும் இல்லாமல், ஆய்வாளர் முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொள்கிறார்.

பல் செட்டுக்கு ஈறு செய்யும் இளஞ்சிவப்பு மாவு எதையும் பிடித்து ஒட்டும். மூக்குக் கண்ணாடியின் காது, சீப்பின் பிடி என்று அக்கம்பக்கத்தார் உடைந்ததையெல்லாம் என்னிடம் கொண்டு வருவார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலை முடிந்ததும் அரை மணி நேரம் இதற்கென்று உட்காருவேன்.

சம்பந்தப்பட்ட பொம்மை ஒரு வீடியோ விளையாட்டுக்கு உரியது. அந்த விளையாட்டை எனக்கு ஆடத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். டிவியோடு இணைத்த வட்டப் பலகையின் மேல் பொம்மையை வைத்தால் அந்த மிருகம் திரையில் எழுந்து நிற்கும். நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம், ஒருவரோடொருவர் மோதலாம். ஆட ஆட மிருகத்துக்கு நிலை ஏறும். ஏறிய நிலையும், வளர்த்தவர் அதற்கு வைத்த செல்லப் பெயரும் பொம்மையின் உடம்பில் இல்லை, அடித்தட்டுக்குள் இருக்கும் சிப்பில்தான் பதிவாகின்றன. இது எனக்கு அப்போது தெரியாது. ஒட்டு இறுகச் சூடு காட்டும்போது சிப் கெட்டுவிடும் என்பது மட்டும் தெரியும். அதனால் எந்தப் பொம்மை வந்தாலும் முதலில் அடித்தட்டைக் கழற்றி வைத்துவிடுவேன்.

சென்ற மாதம் முதல் வாரம் திங்கட்கிழமை, எங்கள் கட்டடத்தின் லிஃப்ட்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் தம்பி, கால் உடைந்த பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். கூன்முதுகு, மூன்று கொம்பு, சுத்தியல் போல வால். அதற்குக் கல்முதுகன் என்று பெயராம். பழைய சாமான் கடையில் உடைந்த நிலையில் வாங்கியதாகவும், இன்னும் ஒருமுறைகூடப் பலகையில் வைத்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். முப்பது வயது ஆள் பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. "வயசு என்னாகுது தம்பி உனக்கு?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழமை மட்டும் பன்னெண்டுக்கா" என்றார்.

அதன் பிறகு வியாழக்கிழமை மதியம், முனையில் உள்ள மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வேர்க்க விறுவிறுக்க மூன்று மாடி ஏறி வந்தார். அவர் கையிலும் அதே கல்முதுகன், அதே கால் உடைந்து. வீட்டில் தூசி தட்டும்போது அலமாரியிலிருந்து விழுந்ததாகவும், கவனிக்காமல் மிதித்துவிட்டதாகவும் சொன்னார். மகள் காலில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது, பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் மனைவி தினமும் வேலை முடிந்து வந்து மகளோடு உட்கார்ந்து வளர்த்த மிருகமாம் அது. "அக்கா, அவளுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல வெச்சிருக்க மாட்டா. நாளைக்கே வேணும்" என்றார்.

இனி என் தவறு. எங்கள் தொழிலில் ஒரு டப்பாவில் மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே ஆளுடையவை. ஒரு டப்பா, ஒரு வாய். பதினெட்டு வருடமாகக் கை அப்படியே பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு கல்முதுகன்களையும் ஒன்றாகச் செய்து முடித்துவிடலாம் என்று ஒன்றை மேல்தாடைத் தட்டிலும் மற்றதைக் கீழ்த்தாடைத் தட்டிலும் வைத்து ஒரே டப்பாவில் போட்டேன். கழற்றிய அடித்தட்டுகள் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டேன். ஒரே ஆளுடையது என்று கை நினைத்துக்கொண்டது. தலை அதைக் கேள்வி கேட்கவில்லை.

ஒட்டு வெளியே தெரியாதபடி ஒட்டிக் காய்ந்ததும் அடித்தட்டுகளைப் பொருத்தப் போனபோது, ஒன்றின் அடியில் பச்சை நகப்பூச்சில் ஒரு பொட்டு இருந்ததைக் கண்டேன். அது எந்தப் பொம்மையோடு வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், இரண்டும் இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தின. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பொம்மைதானே என்று விட்டுவிட்டேன். இதுவே ஒருவர் வாய்க்குள் போகிற பல்லாக இருந்திருந்தால், இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துச் சரிபார்த்திருப்பேன். அந்த வித்தியாசம் பார்த்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அன்று மாலையே இருவரும் வந்து ஆளுக்கொன்றாக வாங்கிப் போனார்கள்.

அதன் பிறகு நடந்தது மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அதே வாரம் புதன்கிழமை, கடைக்காரர் பொம்மையை மிதிப்பதற்கு முன்பே, மெக்கானிக் தம்பி கண்ணாடிக்கடைக்காரரின் குடியிருப்பிலும் லிஃப்ட் பார்த்திருக்கிறார். கை கழுவ அவர்கள் வீட்டுக்குள் போனவர், அலமாரியில் இருந்த பொம்மையைப் பார்த்து, "என்கிட்டயும் இதே ஒண்ணு இருக்குங்க" என்று கடைக்காரரின் மனைவியிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறார். அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் பொம்மையைப் பலகையில் வைத்தால், பெயர் இல்லை, நிலை ஒன்று. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மா சொன்னபோது, தான் மிதித்ததில் அழிந்துவிட்டது என்று நினைத்த கணவர் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து விளையாட்டுக் கூடத்தில் நடந்த போட்டிக்கு மகளைக் கூட்டிப் போன இடத்தில், பெரிய திரையில் "அத்தை மூக்கு" என்ற பெயரோடு ஒரு கல்முதுகன் எழுந்து நின்றிருக்கிறது. படுக்கையில் கிடந்தபோது மகள் வைத்த பெயர் அது. பலகைக்கு முன்னால் நின்றவர் மெக்கானிக் தம்பி. பழைய சாமான் கடையில் வாங்கியது, முன்னே வைத்திருந்தவர் வைத்த பெயராக இருக்கும் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அந்த அம்மா திருட்டுப் புகார் கொடுத்துவிட்டார்.

நேற்று எங்கள் லிஃப்ட் மறுபடி நின்றுபோனது. வேறொரு மெக்கானிக் வந்தார். பழைய தம்பி எங்கே என்று கேட்டேன். "ஒரு பொம்மையால மாட்டிக்கிட்டான் மேடம். கேஸு முடியுறவரைக்கும் வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. ஊருல கட்டடத்துச் சாவியெல்லாம் எங்க கையிலதான இருக்கு? திருடன்னு பேரு வந்துட்டா இந்தத் தொழில்ல எவன் சேத்துப்பான்?" என்றார். என்ன பொம்மை என்று கேட்டேன். மூன்று கொம்பு என்றார். பச்சைப் பொட்டு கண் முன்னால் வந்து நின்றது.

உடனே கண்ணாடிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிட்டு, "சொல்லிடாதீங்க அக்கா, நான் மிதிச்சது அவளுக்குத் தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க வீட்டுச் சண்டைக்கு பயந்து ஒருத்தன் பொழப்பைக் கெடுக்கலாமா? நான் பண்ணுன தப்பை நான் சொல்லப்போறேன். உங்க தப்பை நீங்களா வந்து சொன்னா உங்களுக்கு மரியாதை" என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி அவர் மனைவியிடம் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இன்று காலை நான் வந்தபோது விளையாட்டுப் பெட்டியையும் வட்டப் பலகையையும் வீட்டிலிருந்த கல்முதுகனையும் மடியில் வைத்துக்கொண்டு நிலையத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. அடி வாங்கிய வீக்கம் இல்லை, அழுததுதான்.

ஆதாரம் பின்வருமாறு. பல் செட்டின் ஈறுக்குள் வேலை எண்ணைக் கீறி வைப்பது எங்கள் வழக்கம். பழக்கதோஷத்தில் பொம்மைகளின் காலுக்குள்ளும் கீறியிருக்கிறேன். என் வேலைக் குறிப்பேட்டின்படி மெக்கானிக்கின் பொம்மைக்கு அறுபத்தொன்று, கண்ணாடிக்கடைக்காரருடையதற்கு அறுபத்துநான்கு. ஆய்வாளர் அனுமதியோடு, மெக்கானிக்கிடமிருந்து பறிமுதல் செய்ததையும் கடைக்காரர் கொண்டுவந்ததையும் அவர் மேசையிலேயே பிரித்துக் காட்டினேன். அறுபத்தொன்றின் கீழே பச்சைப் பொட்டு வைத்த அடித்தட்டு இருந்தது. அந்தப் பொட்டு தன் மகள் வைத்தது என்று கடைக்காரர் அடையாளம் சொன்னார். அதன் பிறகு அவரவர் அடித்தட்டை அவரவர் பொம்மைக்குப் பொருத்தினேன். இந்த முறை உரக்கச் சொல்லிக்கொண்டே பொருத்தினேன்.

அந்த நேரத்தில் புகார் கொடுத்த அம்மா மகளோடு வந்தார். வாசலில் எட்டுப் படி. அந்தப் பெண் யார் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தாள். நிலையத்து டிவியில் பெட்டியை இணைத்து அறுபத்துநான்கைப் பலகையில் வைத்தோம். அத்தை மூக்கு எழுந்து நின்றது. காவலர் ஒருவர் கைகூடத் தட்டினார்.

மகள் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, நாம விட்டப்போ நாப்பத்திரெண்டு. இப்ப நாப்பத்தேழு இருக்கு" என்றாள்.

தினமும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருந்ததால் மெக்கானிக் தம்பியும் அங்கேதான் இருந்தார். சுவரோரம் நின்றபடி, "ஞாயித்துக்கெழமை நான்தான் ஆடுனேன் பாப்பா. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்" என்றார்.

"உங்களோடது எத்தனை?"

"ஒண்ணு."

அவள் அறுபத்தொன்றையும் எடுத்துப் பலகையில் அத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். "சேந்து ஆடலாம். உங்களோடது எனக்குப் பின்னாடி நிக்கட்டும். அப்பத்தான் அடிபடாது" என்றாள். மெக்கானிக் தம்பி அந்த அம்மாவைப் பார்த்துத் தயங்கியதை அவள் கவனிக்கவில்லை. அந்த அம்மா நேராக அவரிடம் போய், "என்னை மன்னிச்சிருங்க தம்பி" என்றார். அதன் பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதற்குத் தாள் கேட்டார்.

எனக்குக் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. புகாரைத் திரும்பப் பெற்றார்கள் என்று மட்டும் எழுதினால், ஏதோ இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள் என்று அவருடைய நிறுவனத்தில் நினைப்பார்கள். இவர் எடுக்கவே இல்லை, மாற்றி வைத்தது பல் செட் கூடத்தில் வேலை பார்க்கும் நான் என்று எழுதி, ஒரு பிரதி அங்கே போக வேண்டும். ஆய்வாளர் சரி என்று சொல்லியிருக்கிறார்.

எழுத்தர் படித்துக் காட்டினார். அதோடு விடாமல் நானும் வாங்கி இரண்டு முறை படித்தேன். யார் செய்தது எதுவோ அது அவரவர் பேரிலேயே இருக்கிறது. சொன்னது அத்தனையும் உண்மை. எதையும் மாற்றி வைக்கவில்லை.

(கையொப்பம்)