ஒற்றைக்கால் சிறுத்தை

எனக்கு விலங்குகள் என்றால் சின்ன வயதிலிருந்தே பிரியம், சார். அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நகரியில் எங்கள் தறிக்கூடத்தில் ஒரு பூனை குட்டி போட்டால், கண் திறக்கும்வரை அந்தத் தறியை நான் ஓட்டவிட மாட்டேன். ஃபாரஸ்ட் ரேஞ்சரான உங்களிடம் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைத் தப்பாக எடைபோட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

என் பெயர் வேதாச்சலம். பவர்லூம் வைத்திருக்கிறேன். உடம்பில் சர்க்கரை கூடிவிட்டது, நட, இல்லாவிட்டால் சைக்கிள் மிதி என்று டாக்டர் சொன்னார். நகரியில் நடக்க முடியாது. பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று விசாரிப்பார். சைக்கிள்காரனை யாரும் நிறுத்துவதில்லை. திருப்பதியில் ஒரு சைக்கிள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிறது என்று கேள்விப்பட்டு, காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

குழுவின் தலைவர் கோபிகிருஷ்ணன். வங்கியில் மேனேஜர். உடம்பில் சதை என்று தேடினால் கெண்டைக்காலில் மட்டும் இருக்கும். அவருக்கு அடுத்த வேகம் பிரஹ்லாத். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. தன் இதயம் இப்போது எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதை யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வருவார். மற்றவர்களும் நல்ல மாதிரிதான். ஜனவரியில் திருப்பதியிலிருந்து ஹார்ஸ்லி ஹில்ஸ் உச்சிவரை ஒரே நாளில் மிதிப்பது என்று திட்டம். அதற்குப் பயிற்சியாக, வாராவாரம் விடியற்காலையில் கிளம்பி, சந்திரகிரி தாண்டி, உங்கள் பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் ஏறுவோம். ஏற்றம் முடிகிற மேட்டில் ரோஜாவின் டீக்கடை இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை.

என்னை அவர்கள் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. நான்தான் எப்போதும் கடைசி. மேட்டில் எனக்காகக் காத்திருப்பார்கள். சிக்கலே அந்தக் காத்திருப்பில்தான் இருந்தது. அவர்கள் வந்து, டீ குடித்து, பன் தின்று, காலை நீட்டிக் கதை பேசி, வேர்வை ஆறி உட்கார்ந்திருப்பார்கள். நான் நாக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒரு காலைத் தரையில் ஊன்றியதும் கோபிகிருஷ்ணன் எழுந்து கைதட்டுவார்.

“வந்துட்டீங்களா வேதாச்சலம்? சூப்பர். சரி, பதண்டி, கெளம்பலாம்.”

“சார், ஒரு டீ குடிச்சிக்கினு வந்துடறேனே.”

“ஒக்காந்தா ஒடம்பு ஆறிடும் ஸார். அப்பறம் பெடல் மிதிக்கவே வராது,” என்பார் பிரஹ்லாத், கடைசி வாய் டீயை உறிஞ்சியபடி.

யோசித்துப் பாருங்கள். ஓய்வே தேவைப்படாதவர்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. தேவைப்படுகிறவனுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று வாய்விட்டே கேட்டேன். அதுக்கென்ன என்றார்கள். அந்த நல்ல எண்ணம் முதல் வளைவுவரை தாங்கியது. இதில் யார்மேலும் தப்பில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் மேட்டுக்கு வந்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது. அதற்கு நான் வேகமாக வேண்டும், அல்லது அவர்கள் மெதுவாக வேண்டும். முதலாவதை ஒரு வாரம் முயன்று பார்த்தேன்.

ஒரு ஞாயிறு நடுவழியில் மூச்சு வாங்க ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். “மஞ்சளா இன்னாவோ ஒன்னு ரோட்டத் தாண்டிக்கினு போச்சி. அதான் நின்னுட்டேன்,” என்றேன். சிறுத்தை என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அதைச் சொன்னது பிரஹ்லாத். உங்கள் விசாரணையில் இது விட்டுப்போகக் கூடாது.

அடுத்த வாரம் கோபிகிருஷ்ணன் புது விதி போட்டார். யாரும் தனியாக முன்னால் ஓடக் கூடாது. மெதுவாக வருகிறவர் நடுவில். நான் நடுவில். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், ஊர்வலத்தில் சாமி போவது மாதிரி போனேன். எல்லோரும் ஒன்றாக மேட்டுக்கு வந்தோம். ஒன்றாக உட்கார்ந்தோம். ரோஜா டீயில் இஞ்சி போடுகிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பயம் என்பது ஆறிப்போகிற பொருள், சார். மூன்றாவது வாரமே முன்னால் போகிறவர்களின் பின்சக்கரம் தூரமாகத் தெரிய ஆரம்பித்தது. அதனால் ஒரு சனிக்கிழமை காரில் வந்தேன். பழைய ரப்பர் செருப்பு ஒன்றைப் பாதமாகவும் விரல்களாகவும் வெட்டி, ஒரு கட்டையில் ஒட்டி எடுத்து வந்திருந்தேன். சாலையோர ஈர மண்ணில் அழுத்தினேன். நீங்கள் மரத்தில் கட்டிவைத்து, இப்போதுதான் கழற்றிப் பார்த்த கேமரா எடுத்த இந்தப் போட்டோவில், குனிந்துகொண்டிருக்கிற பின்பக்கம் என்னுடையதுதான். முகம் விழவில்லையே என்று நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. எல்லாத் தடமும் இடது முன்கால் என்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. ஜோடியில் மற்ற செருப்பு அறுந்துபோயிருந்தது, அதுதான் காரணம்.

அதற்குப் பிறகு சுற்று வட்டார ஜனங்கள் தடியோடு நடந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பெரியவர்களே கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதனால் பேச நேரம் கிடைத்திருக்கும். அதை நான் கணக்கில் காட்டவில்லை.

ரோஜாதான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாள். ஒரு நாள் எல்லோர் எதிரிலும் கேட்டாள். “சிறுத்தெ நெஜமா இருந்தா எங்க சின்னிய உட்டு வச்சிருக்குமாண்ணா? அவுத்து உட்டுத்தான கீறேன்.”

சின்னி அவளுடைய வெள்ளாடு. கழுத்தில் சிவப்புக் கயிறு, கடைக்கு வருகிறவர்களிடம் பன் கேட்டு முழங்காலில் முட்டும். கோபிகிருஷ்ணன் சிரித்துவிட்டார். அடுத்த வாரமே வேகம் கூடிற்று. நான் மேட்டுக்கு வந்தபோது எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

சின்னியைக் காரில் ஏற்றுவது கஷ்டமாக இல்லை. ஒரு பன் போதுமாக இருந்தது. கயிற்றை மட்டும் புதரில் மாட்டிவிட்டு வந்தேன். அடித்தேனா, மிதித்தேனா, ஒன்றுமில்லை. தறிக்கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டி, அகத்திக்கீரை வாங்கிப் போட்டேன். என் மனைவி ரோஹிணிக்குத்தான் பொறுக்கவில்லை.

“எத்தினி நாளிக்கி இத வச்சிக்கினு இருக்கப் போற? பாவு நூலெல்லாம் துன்னுது. கொண்டாந்த எடத்துலியே உட்டுட்டு வா.”

அதுதான் முடியாது. சிறுத்தை தூக்கிப்போன ஆடு குளித்துக் கொழுத்துத் திரும்பி வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அந்த வாரம் ஹார்ஸ்லி ஹில்ஸ் வழியைப் பற்றிப் பேச, குழுவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ரோஹிணி பிரியாணி நன்றாகச் செய்வாள். கோபிகிருஷ்ணன் மூன்று தடவை கேட்டு வாங்கினார். பிரஹ்லாத் மட்டும் தயிர்சாதம். ரோஜா துக்கத்தில் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, அவளுக்கும் ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். “நல்லா கீதுண்ணா,” என்று அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவளைச் சாப்பிட வைத்த புண்ணியம் என்னுடையது. வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

பிறகு நீங்கள் வந்து வளைவுக்குக் கீழே இரும்புக் கூண்டு வைத்தீர்கள். உள்ளே தடுப்புக்குப் பின்னால் ஒரு ஆட்டையும் கட்டினீர்கள். கூண்டு வையுங்கள் என்று நான் மனு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குழு நெருக்கமாகவே போயிற்று. அந்த மாதம்தான் என் வாழ்க்கையில் நான் சைக்கிள் ஓட்டி மகிழ்ந்த மாதம். கேசவ் வந்து சேரும்வரை.

கேசவ் திருச்சானூரில் ஒரு லாட்ஜ் மேனேஜர். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. அவருக்கும் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆள் தங்கம். ஆனால் சார், அவ்வளவு மெதுவாகப் போனால் சைக்கிள் எப்படிச் சாயாமல் நிற்கிறது என்பதே எனக்குப் புரியவில்லை. விதிப்படி நடுவிடம் அவருக்குப் போனது. மொத்தக் குழுவும் அவர் வேகத்தில் ஊர்ந்தது. மேட்டுக்கு வரும்போது எனக்கு வேர்வைகூட வரவில்லை. வேர்க்காதவனுக்கு டீ ருசிப்பதில்லை. இப்படிப் பயிற்சி எடுத்தால் ஜனவரியில் ஹார்ஸ்லி ஹில்ஸ் எப்படி ஏறுவது? எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது. சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நான் சொன்னேன்.

“சிறுத்தெ எப்பவும் பின்னாலேர்ந்துதான் பாயும். பொடனியில ஒரு மூஞ்சி இருந்தா, ஆளு நம்மளப் பாத்துக்கினு இருக்கறான்னு நெனச்சிக்கினு போயிடும்.”

“நெஜமாவா சார்?” என்று கேசவ் கேட்டார்.

“எங்கியோ காட்டு ஜனங்க அப்படித்தான் கட்டிக்கினு போறாங்களாம். நீங்க மூஞ்சியக் கட்டிக்கினு நிதானமா வாங்க. பயமே வாணாம்.”

எங்கோ படித்ததுதான். அது புலியைப் பற்றி. கட்டடத்தில் தொங்கவிடுவார்களே, திருஷ்டிப் பொம்மை, பெரிய மீசையும் வெளியே தள்ளிய நாக்குமாக, அந்த முகம் ஒன்றை வாங்கி, எங்கள் தறி நூலாலேயே அவருடைய ஹெல்மெட்டின் பின்னால் கட்டிக் கொடுத்தேன். கேசவ் என் கையைப் பிடித்துக்கொண்டார். சேர்ந்த நாளிலிருந்து தன்மேல் அக்கறை காட்டிய ஒரே ஆள் நான்தான் என்றார்.

அந்த ஞாயிறு கேசவைப் பின்னால் வரவிட்டு நாங்கள் முன்னால் போனோம். நன்றாக மிதித்தோம். மேட்டில் உட்கார்ந்து, நான் பாதி டீ குடித்திருந்தபோது கீழேயிருந்து சத்தம் வந்தது. கோபிகிருஷ்ணன் எழுந்துவிட்டார்.

“எவரோ கத்தறாங்க.”

“மயிலு,” என்றேன்.

“மயில் ஐயோன்னு கத்துமா ஸார்?” என்றார் பிரஹ்லாத்.

“தூரத்துல கேட்டா அப்படித்தான் இருக்கும்.”

“கேசவ் எங்க? இன்னும் காணுமே. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

“அவரு பாதியிலியே திரும்பிட்டாரு. நான் பாத்தேன். கால் வலிக்குதுன்னாரு.”

நான் பார்க்கவில்லை. அந்தக் குரல் கேசவுடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஆனால் இறங்கிப் போனால் மறுபடி அந்த ஏற்றம் முழுவதையும் ஏற வேண்டும். சைக்கிள் மிதிக்காதவர்களுக்கு இது புரியாது. தவிரவும் அந்தக் காட்டில் சிறுத்தை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் பதறுவதில் அர்த்தம் உண்டு. நான் எதற்குப் பதற வேண்டும்? இன்னொரு டீ சொன்னேன். பிறகு திட்டப்படி பீலேர்வரை போனோம்.

வெயில் சாய்ந்து திரும்பி இறங்கும்போது வளைவில் உங்கள் ஜீப் நின்றிருந்தது. மீதி உங்களுக்கே தெரியும். புதரில் ஏதோ அசைந்திருக்கிறது. காட்டுப்பன்றியாக இருக்கும். கேசவ் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, சுற்றிலும் இரும்புக்கம்பி இருக்கிற இடம்தான் பத்திரம் என்று கூண்டுக்குள் புகுந்துவிட்டார். கதவு விழுந்துவிட்டது. மலைப்பாதையில் போனுக்கு சிக்னல் கிடையாது. மாலையில் கூண்டைப் பார்க்க வந்த உங்கள் வாட்சர், உள்ளே மீசையும் நாக்குமாக ஒன்று தன்னையே முறைப்பதைப் பார்த்துவிட்டு ரோஜா கடைவரை ஓடியதாகச் சொன்னார்கள். மீசையில் பாதியை அதற்குள் ஆடு தின்றிருந்ததாம்.

கேசவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. சைக்கிளை விற்கப் போகிறார் என்று கேள்வி. அந்த முகம்தான் தன்னைச் சிறுத்தையிடமிருந்து காப்பாற்றியது என்று நேற்றுக்கூட எனக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பியிருந்தார். அந்த நம்பிக்கையை நீங்கள் கெடுக்காமல் இருந்தால் நல்லது. குழுவில் எனக்கு இனி இடமில்லை என்று கோபிகிருஷ்ணன் சொல்லிவிட்டார். ரோஜாவுக்கு எதுவரை தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் பிரியாணி கொண்டுபோன டப்பா மட்டும் என் வீட்டுக்குத் திரும்பி வந்தது, கழுவாமல்.

எனக்கு வருத்தமே இல்லையா என்று கேட்டீர்கள். பொய்த்தடம் பதித்தது நான். ஆட்டைத் திருடியது நான். கத்தின குரலை மயில் என்று சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் கேசவ் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, சார். மர நிழல், தொட்டியில் தண்ணீர், பேச்சுத்துணைக்கு ஒரு ஆடு. பொழுது முழுக்க அந்த மனிதருக்கு நல்ல ஓய்வு. நான் சேர்ந்த புதிதில் எனக்கு அப்படி யாரும் செய்துகொடுக்கவில்லை.