எடைமேடை அண்ணன் இல்லாத முதல் குடும்ப நாள்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, கால்நடை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் அண்ணனின் துணைவியாரே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று சொன்னார்கள். ஒருவர் இரண்டு முறை சொன்னார். நான் அதைச் சொல்லப் போவதில்லை. அது பொய் என்பதால் அல்ல. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், நாளைக்கு யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை பாருங்கள், அதனால்தான்.

தலைவர் கையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நடக்க வேண்டிய பதினேழாவது குடும்ப நாளை, மறைந்தவருக்கு மரியாதையாக இந்த ஆண்டு நிறுத்திவைப்பது என்பது தீர்மானம். அதைப் படித்துத் திருத்தித் தரும்படி என்னிடம்தான் கொடுத்தார்கள். படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்துகூட நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று சொல்லத்தான் இந்த முழங்கால்களோடு நான்கு படி ஏறி வந்திருக்கிறேன்.

யார் இந்த மனிதர்? தானியக் கிடங்கின் வாசலில், எடைமேடைக்குப் பக்கத்தில், ஒரு சிறு அறையில் முப்பத்தொரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர். வண்டி மேடையில் ஏறும். எண் தெரியும். சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். வண்டி இறங்கும். இவ்வளவுதான் வேலை. இந்த வட்டாரத்தில் எடைமேடை அண்ணன் என்றால் தெரியாதவர் உண்டா? அவருடைய உண்மைப் பெயரைப் போன வாரம் அஞ்சலி அட்டையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று என்னிடம் எத்தனை பேர் சொன்னீர்கள்!

நம் வட்டாரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் அரை மைல் வயல். பக்கத்து நிலத்துக்காரரின் முகத்தைவிட அவருடைய டிராக்டரின் முதுகுதான் நமக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் ஓர் இடத்தில் சேர்வது அறுவடைக் காலத்தில், அந்த எடைமேடை வரிசையில் மட்டும்தான். அங்கும் பேச்சு கிடையாது. அவரவர் மூட்டைமேல் அவரவர் உட்கார்ந்து, அவரவர் முறைக்குக் காத்திருப்பது.

ஓர் அறுவடையில் சீட்டு அடிக்கும் இயந்திரம் மக்கர் செய்துவிட்டது. பழுது பார்ப்பவர் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். வெயில். வரிசையில் இருபத்திரண்டு வண்டிகள். மூட்டைகள்மேல் குழந்தைகள் அழுகிறார்கள், தாய்மார்கள் விசிறுகிறார்கள், ஆண்கள் கத்துகிறார்கள். நம் அண்ணன் அறையிலிருந்து வெளியே வந்தார். "எல்லாரும் கீழ எறங்குங்க. மூட்டைய அப்புறம் நிறுப்போம். இப்ப உங்களையே நிறுக்கலாம்" என்றார். யார் சரியாக ஒரு டன் ஆள் சேர்க்கிறார்களோ அவர்களுக்கு வரிசையில் முதல் இடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஒரு டன் என்றால் சும்மாவா? எந்தக் குடும்பத்தில் ஒரு டன் ஆட்கள் இருக்கிறார்கள்? பக்கத்து வண்டியில் கேட்டுத்தான் ஆக வேண்டும். வாய்க்கால் தகராறில் ஆறு ஆண்டுகளாகப் பேசாத இரண்டு குடும்பங்கள் அன்றைக்குப் பேசின. முதல் பேச்சு என்ன தெரியுமா? "உங்க சின்னப் பொண்ணு எத்தன கிலோ?"

மேடையில் ஏறிய ஒருவர், "எங்க அண்ணி ஒருத்தி போதும், பாதி டன் வந்துரும்" என்று சொல்லிவைத்தார். அந்த அண்ணி விட்டாரா? "உங்க அண்ணன் வாய மட்டும் தனியா ஏத்துங்க தம்பி. மேடை தாங்குதான்னு பாப்போம்" என்றார். பின்னால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த அண்ணியும் அதோ சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். பழுது பார்ப்பவர் வந்தபோது, இயந்திரம் சரியான பிறகும் ஒரு மணி நேரம் யாரும் வண்டியில் ஏறவில்லையாம்.

அடுத்த ஆண்டு, அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை, கிடங்கு மைதானத்தில் முதல் குடும்ப நாள் நடந்தது. இழுத்துக் கட்டிய நாலு தார்ப்பாய், ஒரு ஒலிபெருக்கி, ஒரு டன் போட்டி. இன்றைக்குப் பதினோரு ஊர்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன என்றால், அது அங்கே தொடங்கியது.

நான் முதன்முதலில் போனது மூன்றாம் ஆண்டு. என் கணவர் இறந்து பதினோரு மாதங்கள் ஆகியிருந்தன. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. நோட்டீஸில் "குடும்பத்துடன் வாருங்கள்" என்று போட்டிருந்தது. நான் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். எனக்குச் சொன்னதல்ல என்று நினைத்தேன். ஆனாலும் அன்றைக்குப் போனேன். ஏன் போனேன்? வீட்டில் கடிகாரச் சத்தம் தாங்க முடியவில்லை. உள்ளே போகவில்லை. வேலியோரம் குடையைப் பிடித்துக்கொண்டு, வழியில் போகிறவள்போல நின்றேன்.

ஒரு குழு மேடையில் நின்றிருந்தது. அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். தொள்ளாயிரத்து அறுபது காட்டியது. ஒலிபெருக்கியில் அவர் குரல்: "எங்களுக்கு ஒரு நாப்பது கிலோ கொறையுது. வேலியோரம் கறுப்புக் குடை பிடிச்சிருக்கிற அம்மா, நீங்க ஒரு நாப்பது இருப்பீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் நான். ஒரு பெண்ணின் எடையை ஒலிபெருக்கியில் கேட்பதா? "நாற்பத்து மூன்று!" என்று வேலியிலிருந்தே திருத்தினேன். மைதானமே கை தட்டியது. அதற்குப் பிறகு எப்படிப் போகாமல் இருப்பது? போனேன். மேடையின் விளிம்பு உயரம். முன்பின் தெரியாத ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள். பதினோரு மாதங்களில் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் முறை. எண் ஆயிரத்தில் நின்றது.

அன்று மாலை அவரிடம் போய்ச் சொன்னேன். "உங்கள் நோட்டீஸ் சரியில்லை. தனியாக இருப்பவர்கள் அதைப் படித்தால் வர மாட்டார்கள்." அவர் வாதாடவில்லை. "அப்ப நீங்களே எழுதிக் குடுங்கம்மா" என்றார். பதிமூன்று ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன்.

இந்த ஒரு குணத்துக்காக அவரை எத்தனை நாள் வேண்டுமானாலும் புகழலாம். ஒரு குடும்பம் வந்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட ஓரமாக உட்காரக் கூடாது. அதுதான் அவர் கணக்கு. பாலூட்டும் தாய்மார்களுக்கான பந்தல் பின்பக்கம் அல்ல, முதல் வரிசையில் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் பார்ப்பதற்கு அல்ல, ஓட்டப் பந்தயத்தில் தள்ளுபவரோடு சேர்ந்து ஓடுவதற்கு வர வேண்டும்.

கூட்டத்தில் ஒரு குழந்தை வழி தவறிவிட்டால் மற்ற இடங்களில் என்ன அறிவிப்பார்கள்? "குழந்தையைக் காணவில்லை." அந்தக் குழந்தை அதைக் கேட்டு இன்னும் பயந்து அழும். நம் அண்ணன் அழும் குழந்தையை மேசைமேல் உட்கார வைத்துவிட்டு இப்படி அறிவிப்பார்: "நீலச் சட்டை போட்ட அப்பா ஒருத்தரைக் காணோம். பொண்ணு பத்திரமா இங்கதான் இருக்கா. அப்பாவப் பாத்தவங்க பயப்படாம கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க." அழுத குழந்தை சிரித்துவிடும். தொலைந்துபோன அந்த அப்பா இங்கேதான் இருக்கிறார். டயர் கடைக்காரர். இன்றைக்கும் நீலச் சட்டையில்தான் வந்திருக்கிறார்.

நண்பர்களே! இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லப்போகிறேன். உயிரோடு இருந்தபோதும் சொன்னேன், அதனால் எனக்கு அந்த உரிமை இருக்கிறது. அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பந்தல் கயிறு யார் வீட்டில் இருக்கிறது, எந்த ஊருக்கு எந்த வண்டி போக வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள். "எழுதிவையுங்கள், எழுதிவையுங்கள்" என்று ஆண்டுதோறும் சொன்னேன். "எதுக்கும்மா? நான்தான் இருக்கேனே" என்பார். ஒன்பது நாட்களுக்கு முன் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

விழாக் குழு திகைத்து நிற்கிறது. அதுதான் உண்மை. அந்தத் தீர்மானத்தில் இருப்பது மரியாதை மட்டும்தானா? எப்படி நடத்துவது என்று தெரியாத பயமும் இல்லையா? எனக்கும் இருந்தது, ஒளிக்கவில்லை. அதனால் நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். எங்காவது ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்திருக்க மாட்டாரா என்று அலமாரியைக் குடைந்தேன். ஒன்றும் இல்லை. அவருடைய துணைவியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க அக்கா?"

"தண்ணீர் வண்டிக்காரர் நம்பர் இருக்கிறதா என்று பார்க்கிறேன்."

"நம்பர் அந்தச் செவுத்துல எழுதியிருக்கு. அவர்ட்ட பத்து மணின்னு சொல்லுங்க, பதினொன்னுக்கு வந்துருவாரு. பதினொன்னுன்னு சொன்னீங்க, எல்லாரும் வீட்டுக்குப் போன பெறகு மைதானத்தக் கழுவத்தான் வருவாரு."

நான் அலமாரியை மூடினேன். "பந்தல் கயிறு?"

"பாதி மரக்கடையில. மீதி கோழிப்பண்ணைக்காரங்க வீட்ல. திருப்பித் தரவே மாட்டாங்க, அவங்க அம்மாகிட்ட நேரா கேக்கணும். புள்ளைங்ககிட்ட கேட்டா தெரியாதும்பானுங்க."

"உனக்கு இதெல்லாம் எப்படி அம்மா தெரியும்?"

"தெரியாம எப்படி? சோத்துல கை வெச்சா கயிறு, கை கழுவப் போனா பந்தல். கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா மைதானத்தையான்னு கேட்டிருக்கேன்."

"எந்த வருஷத்து விழா உனக்கு ரொம்பப் பிடித்தது?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"நான் எங்கக்கா வந்தேன்? அன்னிக்கு வீட்ல ஃபோன யாரு எடுக்கறது?"

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குடும்ப நாள் நோட்டீஸின் கீழே ஒரு தொலைபேசி எண் இருக்கும். அது அவர்கள் வீட்டு எண். மைதான இரைச்சலில் கைப்பேசி கேட்காது என்று அதைப் போட்டார்கள். அன்றைக்குக் காலை ஆறு மணியிலிருந்து அந்த மணி ஓயாது. மழை வருமா, வண்டி கிளம்பிவிட்டதா, நாயைக் கூட்டி வரலாமா. ஒருவர், "எங்க மாமியாருக்குக் கண்ணு தெரியாது, அவங்க வந்து என்ன பண்ணப் போறாங்க?" என்று கேட்டாராம். "கூட்டிட்டு வாங்க, முதல் வரிசையில நாற்காலி இருக்கு, பாட்டு நல்லாக் கேக்கும்" என்று இந்த அம்மா சொன்னாராம். அந்த நாற்காலியை இவர் பார்த்ததே இல்லை! பதினாறு ஆண்டுகள், பதினோரு ஊரையும் "வாங்க, வாங்க" என்று அழைத்தவர், ஒரு முறைகூட வந்ததில்லை.

ஒருவரும் ஓரமாக உட்காரக் கூடாது என்ற மனிதர் தன் வீட்டில் ஒருவரை உட்கார வைத்துவிட்டார். அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அவரை மட்டும் சொல்லி நான் தப்ப முடியுமா? தனியாக இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள் என்று அவருக்குப் பாடம் சொன்னவள் நான். பதிமூன்று ஆண்டுகளாக அந்த எண்ணை என் கையால் எழுதினேன். இலக்கம் சரியா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு முறையாவது நினைத்தேனா? நினைக்கவில்லை. இதற்கு நான் இந்த மேடையில், எல்லோர் முன்னிலும், அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

விழாவை நிறுத்திவைக்கப் போகிறார்கள் என்று நேற்று அவரிடம் சொன்னேன். மடித்த துணியைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்லையும் திருத்தவில்லை: "அவருக்கு மரியாதைன்னு சொல்லி ஊரையே வீட்ல உக்கார வெக்கப் போறீங்களா? நான் உக்காந்தது போதாதாக்கா?"

தலைவர் அவர்களே, இதற்கு மேல் எந்தத் தீர்மானம்? துக்கம் இருக்கிறவர் அழைக்கிறார். நாம் அவரைவிடப் பெரிய துக்கம் காட்டப் போகிறோமா?

எனவே நான் முன்மொழிகிறேன். பதினேழாவது குடும்ப நாள் குறித்த சனிக்கிழமையில் நடக்கும். அதை நடத்துபவர் இந்த அம்மா. தண்ணீரும் கயிறும் வண்டியும் அவர் சொல்கிறபடி வரும். குழுவில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: அவர் சொல்லும்போது "எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லாதீர்கள். தெரியாது. மரக்கடைக்காரர் தலையாட்டுகிறார், நன்றி. கோழிப்பண்ணை வீட்டார் நாளைக்கே கயிற்றைக் கொண்டுவந்து தருவார்கள் என்று நினைக்கிறேன். முகம் சிவக்க வேண்டாம், கொண்டுவந்தால் போதும்.

நான் என்ன செய்வேன்? என் கால்களால் இனி மைதானத்தைச் சுற்ற முடியாது. காது நன்றாகக் கேட்கிறது. நாக்கைப் பற்றி உங்களுக்கே தெரியும். அன்றைக்கு விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். மழையைக் கேளுங்கள், வண்டியைக் கேளுங்கள், நாயைக் கேளுங்கள், பதில் சொல்வேன்.

ஆனால் அதற்கும் ஒரு நேரம் உண்டு. புது நோட்டீஸை இன்று காலை எழுதிவிட்டேன். எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: காலை பத்து மணி வரை மட்டும். பத்து மணிக்கு டயர் கடைக்காரர் வண்டி கொண்டுவந்து என்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நீங்கள் அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், ஒருவரும் எடுக்க மாட்டார்கள். ஏதோ ஆகிவிட்டது என்று கவலைப்படாதீர்கள். அந்த வீட்டுக்காரர்கள் விழாவுக்குப் போயிருப்பார்கள்.