வரிச்செடிக்கு ஊற்றிய தண்ணீர்

வீட்டுக்குள் செடி வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. அதிலும் த்ரிசலா வைத்திருந்தது உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சின்னத் தொட்டி. கற்றாழை ஜாதிச் செடி. கரும்பச்சை மடல்களில் வெள்ளை வெள்ளையாக வரி. வரிக்குதிரைச் செடி என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

த்ரிசலா என் ஓரகத்தி, கொழுந்தன் அனந்தின் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். அவர்களுடைய ஒரே மகள் மதுமிதா கல்லூரி விடுதியில் வளர்த்த செடி அது. லீவுக்கு வந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு டெங்கு. சாதாரணக் காய்ச்சல்தான் என்று த்ரிசலா கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. பிறகு விடுதியிலிருந்து துணிமணியோடு செடியும் வீடு வந்தது.

அன்றைக்குப் படுத்தவள்தான் த்ரிசலா. நான்தான் குளிப்பாட்டினேன், தலை வாரினேன், பொழுது சாய்வதற்குள் சோறு ஊட்டினேன். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று தெருவே சொன்னது. எனக்கு அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. என் வீட்டுக்காரர் தன்யகுமார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காத மனுஷர். எனக்கென்று பிள்ளையும் இல்லை. அவளுக்கு நான் வேண்டியிருந்தது.

தை மாதம் அந்தச் செடி பூத்தண்டு விட்டது. அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மகள் போனில் அனுப்பியிருந்த குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். "அம்மா, மேல் மண்ணு நல்லா காஞ்சப்புறம்தான் தண்ணி ஊத்தணும். ஜாஸ்தி ஊத்துனா அழுகிடும்." அதன்படியே மண் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பாள். நேர்வெயில் படாத ஜன்னலாகப் பார்த்து வைப்பாள். சமைக்கவும் ஆரம்பித்தாள். ஒருநாள் நான் ரசம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினால், "இனிமே நீங்க சிரமப்படாதீங்கக்கா. அவரை பெங்களூருக்கு மாத்திட்டாங்க. நானும் கூடப் போறேன். செடி இருக்குதுல்ல, எனக்கு அது போதும்" என்றாள்.

கறிவேப்பிலை மாதிரி என்னை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

நாங்கள் நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். செடிக்கும் ஓரறிவு உண்டு என்று நினைப்பவர்கள். கிழங்கைக்கூடப் பிடுங்கித் தின்ன மாட்டோம். அதனால் நான் அதைப் பிடுங்கவில்லை, ஒரு மடலைக் கிள்ளவில்லை. தண்ணீர்தான் ஊற்றினேன். அதுவும் எங்கள் வழக்கப்படி துணியில் வடிகட்டிய தண்ணீர். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் தினமும் கொஞ்சம். தொட்டியின் அடி ஓட்டையை மெழுகு வைத்து அடைத்தேன். ஈரம் தெரியாமலிருக்க மேலே காய்ந்த மணலைத் தூவினேன். மண் வெளுத்திருக்கிறதே என்று அவளும் தன் பங்குக்கு ஊற்றினாள்.

முதலில் செடி கொழுகொழுவென்று ஆனது. "பாத்தீங்களாக்கா, எப்படித் தேறிடுச்சு" என்று என்னிடமே காட்டினாள். நல்லா இருக்கும்மா என்றேன். பிறகு அடிமடல்கள் சொதசொதத்துப் பழுப்பாயின. பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போன சாயங்காலம், அவள் தொட்டதும் செடி கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று ஒன்றும் மிச்சமில்லை.

"மண்ணு காஞ்சப்புறம்தானே ஊத்துனேன்? நீங்க சொல்லுங்கக்கா" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே தொட்டால் அவளுக்கு வலிக்கும் என்பது எனக்குத் தெரியாதா, இத்தனை நாள் குளிப்பாட்டியவள்.

"உனக்கு எப்பவுமே கவனம் கம்மிம்மா," என்றேன். "மதுவுக்கும் அப்படித்தானே, சாதாரணக் காய்ச்சல்னு விட்டுட்ட."

குரலை உயர்த்தவில்லை. தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னேன்.

அனந்த் மட்டும் பெங்களூர் போனான். த்ரிசலா கீழே என் அறைக்கே வந்துவிட்டாள். எதையும் தொடமாட்டேன் என்கிறாள். அவள் தொட்டால் தங்காதாம். டம்ளரைக்கூட நான்தான் வாயருகே பிடிக்க வேண்டும். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு போகிறாள். டாக்டர் வந்து பார்த்து, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் எழுந்துவிடுவாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாத்திரையை நான் கொடுப்பதில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள், பாவம்.