ஒன்பது புள்ளி ஆறு

என் கையெழுத்து தெளிவாக இருக்கும் சார். அதனால் நானே எழுதித் தருகிறேன்.

கல்லூரியில் அவனைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வருடம் என் அறைத்தோழன். நான் ஒன்பது புள்ளி ஆறு வாங்கித் துறையிலேயே முதலாவதாக வந்தேன். அவன் ஆறு புள்ளி மூன்று; அதிலும் இரண்டு பாடம் அரியர். மூன்று தடவை சொல்லிக்கொடுத்து அவனைக் கரையேற்றியவன் நான். அவன் நன்றி மறக்கிறவன் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் அவன் ஒரு பம்ப் தொழிற்சாலையில் சேர்ந்து, கை முழுக்க கிரீஸோடு திரிந்தான். நான் ஏழு நேர்காணலுக்குப் போனேன். ஏழாவது இடத்தில் மேலாளர் அம்மா என் மதிப்பெண் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினார்.

"மார்க்கெல்லாம் பிரமாதம் தம்பி. ஓடாத மெஷின் எதையாவது கழட்டிப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார். அனுப்பவில்லை.

வெளிநாட்டு மேற்படிப்புக்கு இருவரும் ஒரே பேராசிரியரிடம் விண்ணப்பித்தோம். இடம் அவனுக்குக் கிடைத்தது. என்னைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். விடைத்தாளில் கூட்டல் தப்பாக இருந்தால் யாராவது திருத்தத்தானே வேண்டும்?

புதன்கிழமை மதியம் அவன் அறைக்குப் போனேன். பயணப்பெட்டி திறந்து கிடந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"வாடா, உன்னைத்தான் நினைச்சேன். உனக்கும் சீக்கிரமே நல்ல சேதி வரும், பாரேன்."

"என் மார்க்குக்கு எப்பவோ வந்திருக்கணும்."

"மார்க்கு ஃபாரத்தை நிரப்பத்தான்டா. அந்தப் பேராசிரியர் அதப்பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

சிரித்துக்கொண்டே காலுறைகளைப் பொறுக்கக் குனிந்தான்.

இஸ்திரிப் பெட்டியின் முனையால் அவன் பின்மண்டையில் அடித்தேன். எலும்பு உள்வாங்கியது கையில் தெரிந்தது. "டேய்," என்றான், கோபமாக அல்ல, ஏதோ சந்தேகம் கேட்பதுபோல. திரும்பிய முகத்தில் அடித்தேன். கண்ணாடிச் சில்லு கண்ணுக்குள் இறங்கியது. கால் உதறுவது நிற்கும்வரை அடித்தேன். மொத்தம் பதினொன்று. முடி கருகும் வாடை வந்ததால் சுவிட்சை அணைத்தேன். பக்கத்து அறைகளில் ஆட்கள் இருக்கிறார்களே.

அவன் போன் கைரேகை கேட்டது. ரத்தம் இருந்ததால் ஏற்கவில்லை. கைக்குட்டையை நனைத்துக் கட்டைவிரலைத் துடைத்து மறுபடி வைத்தேன். எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று அவன் பெயரில் பேராசிரியருக்கு எழுதினேன்.

அரை மணியில் பதில் வந்தது. 'வருத்தமாக இருக்கிறது. உங்கள் நண்பருக்காக நீங்கள் நான்கு முறை எழுதியதால்தான் இன்னோர் இடத்துக்கு அனுமதி வாங்கினேன். இன்று காலை அவருக்குக் கடிதம் அனுப்பிவிட்டோம். இருவரும் சேர்ந்து வருவீர்கள் என்று நினைத்தேன்.'

என் போனைத் திறந்தேன். கடிதம் இருந்தது.

கொன்றது நான்தான், அதில் மாற்றமில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கடிதத்தை நீங்களே படித்துப் பாருங்கள் சார். முதல் வரியிலேயே என் மதிப்பெண் இருக்கிறது, அவன் பெயர் எங்கேயும் இல்லை. அவன் சொல்லித்தான் எனக்கு இடம் கிடைத்தது என்று மட்டும் குற்றப்பத்திரிகையில் எழுதிவிடாதீர்கள்.