தமிழ் பேசும் பீட்டா

கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில், வாளையாறு தாண்டியதும் முன் சீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"லேப்டாப் கெட்டாக் கெட்டுட்டுப் போகுதுங்க. அந்தப் புது ஓ.எஸ்ஸ நான் போடத்தான் போறேன்."

அவள் மடியில் லேப்டாப் பை, கையில் மடக்கிய வெள்ளைத் தடி. பக்கத்தில் கணவர்.

"அது பீட்டா புள்ள. இன்னும் சோதனையிலதான் இருக்குது. முழுசா வரட்டும், அப்பறம் போட்டுக்கலாம்."

"இப்ப இருக்கறது எனக்குத் தமிழப் படிச்சுக் காட்டறதில்லீங்க. புதுசு படிக்குதாம்."

"நடுவுல நின்னு போச்சுன்னா உன்ற வேலை?"

"வேலை ஃபைலெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டனுங்க."

"தப்புத்தப்பாப் படிச்சுதுன்னா?"

"தப்புன்னு கம்பெனிக்கு எழுதுவேன். கண்ணு தெரியறவங்க மட்டும் சோதிச்சு முடிச்சாங்கன்னா, நம்ம கைக்கு வர்றப்ப அது வாயே தொறக்காதுங்க."

கஞ்சிக்கோட்டில் கூட்டம் ஏறியது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கும் என்ற தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"நான் உங்ககிட்டயே கேக்கலீங்க. சொல்லிட்டிருக்கேன்."

பாலக்காடு நெருங்கும்போது அவர்தான் மறுபடி தொடங்கினார்.

"நம்மூட்டு நெட்டு ரொம்ப ஸ்லோ. அது எறங்கி முடியறதுக்குள்ள விடிஞ்சுரும்."

"விடியட்டுமுங்க" என்றாள்.