புடலங்காய்ப் பந்தலில் கோல் வலை

ஆனி பதினான்கு, சனிக்கிழமை, காலை ஒன்பது பத்து, வெயில், காற்றில்லை. ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரும் ஷேர் ஆட்டோவில் என்னோடு எட்டுப் பேர். எதிரே ஒரு கோல்கீப்பரும் அவருடைய கால்பந்து கிளப்பின் செயலாளரும்.

“கோல் வலைய புடலங்கா பந்தலுக்கு வித்துட்டேன்பா,” என்றார் செயலாளர். “அதுலயாவது எதுனா காய்க்கட்டும்.”

“வலை போவட்டும்ணா. லீக்ல ஆடுனேன்னு சர்டிபிகேட் வேணும். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குத் திங்கக்கிழமை கடைசி. அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிடும்.”

“லீக்குக்கு இப்ப ரெண்டு தலைவருங்கபா. லெட்டர் பேடு ஒருத்தர்கிட்ட இருக்குது, சீலு இன்னொருத்தர்கிட்ட இருக்குது. கேஸ் முடியாம ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டாங்க.”

“என்ட்ரி பீஸ் கட்டுனோமே?”

“எது செல்லுமோன்னு பயந்துக்கினு ரெண்டு பேருக்குமே கட்டிட்டேன். அதுலதான் கிளப்பே காலி.”

“ஒரு மேட்ச் கூட வெக்கலியேணா!”

“நீ ஒரு கோல் கூட விடலைன்னு சந்தோசப்படு.”

யாரும் சிரிக்கவில்லை. ஆட்டோ நின்றது. கோல்கீப்பர் பையிலிருந்த கையுறைகளை எடுத்துச் செயலாளரின் மடியில் வைத்தார்.

“இதையும் பந்தல்காரர்கிட்டயே குடுத்துடுங்க,” என்று இறங்கிப் போனார்.

நான் இறங்க வேண்டிய இடம் இரண்டு நிறுத்தம் முன்பே போய்விட்டிருந்தது. இருபது ரூபாயில் முடிய வேண்டியது, முப்பது ஆயிற்று.